முதற்பனியும் அதன் பின்வரும் வானிலையும்

(ஜவ்வாது மலைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவு)



கார்த்திகை மாதத்தில் இம்மலையில் எந்தக் களத்து மேட்டிற்குச் சென்றாலும் ஒரே கேள்வி காதில் விழும். "மழை விட்டுவிட்டதா? தாளை அறுத்துப் போடலாமா?" என்பதே அக்கேள்வி. ஒரு நாள் விடியற்காலையில் புல்லின்மேல் பனி வெண்மையாகப் படிந்திருக்கக் கண்டால், "பனி இறங்கிவிட்டது; இனி மழையில்லை" என்று பெரியோர் சொல்லிவிடுவார்கள். அச்சொல்லை நம்பிச் சாமையை அறுத்தவருக்குச் சில வருஷங்களில் லாபமும், சில வருஷங்களில் பெருநஷ்டமும் நேரும். ஆகையால், முதற்பனி வருவதை முன்கூட்டி அறிவது எப்படி, அது வந்தபின் எத்தனை நாளைக்கு அதனை நம்பலாம் என்னும் இரண்டு விஷயங்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

பனி என்னும் ஒரு சொல்லால் நாம் பல பொருள்களைக் குறிக்கிறோம். காஷ்மீரத்திலும் இமயமலைச் சாரலிலும் பஞ்சுபோல் விழுவது வெண்பனி. உதகமண்டலத்தில் புல்லின்மேல் உப்புப் பூத்தாற்போல் காண்பது உறைபனி. நம் மலையில் இறங்குவது நீர்ப்பனியும் மூடுபனியுமே. உதகை 7000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. நம் ஊர்களோ பெரும்பாலும் 3000 அடியை ஒட்டியவை. உயரம் 1000 அடி ஏறுந்தோறும் ஏறத்தாழ 2 டிகிரி செல்ஷியஸ் குளிர் மிகும் என்று கொண்டால், உதகைக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு எளிதில் விளங்கும். ஆயினும் அங்கே உறைபனியைக் கொண்டுவரும் காரணங்களே இங்கே நீர்ப்பனியைக் கொண்டுவருகின்றன.

பனி வானத்திலிருந்து பெய்கிறது என்று நாம் வழக்கமாகச் சொல்லுகிறோம். அது சரியன்று. 1814-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் வெல்ஸ் என்னும் வைத்தியர் இதனை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அவர் சம எடையுள்ள கம்பளித் துணுக்குகளை இரவில் பல இடங்களில் வைத்து, விடிந்ததும் நிறுத்துப் பார்த்தார். திறந்த புல்வெளியில் வைத்தது மிகுதியாக நனைந்திருந்தது. மேற்புறம் திறந்த சுட்ட மண் குழாய்க்குள் வைத்ததோ மிகக் குறைவாகவே நனைந்திருந்தது. பனி மேலிருந்து விழுவதானால் குழாய்க்குள்ளும் விழுந்திருக்க வேண்டுமல்லவா? உண்மை யாதெனில், பகலில் நிலம் பெற்ற உஷ்ணம் இரவில் ஆகாயத்தை நோக்கி வெளியேறுகிறது. திறந்த வானத்தை நோக்கியிருக்கும் புல்லும் இலையும் விரைவில் குளிர்ந்துவிடுகின்றன. அவற்றைத் தொடும் காற்றிலுள்ள ஈரம் அங்கேயே நீராக மாறிப் படிகிறது. குழாயின் சுவர் ஆகாயத்தின் பெரும்பகுதியை மறைத்தபடியால் உள்ளிருந்த கம்பளி அவ்வளவு குளிரவில்லை.

இதிலிருந்து முதற்பனியை முன்னறியும் வழி கிடைக்கிறது. மேகம் இருந்தால் அது நிலத்திற்குப் போர்வையாக நின்று உஷ்ணத்தைத் திருப்பி அனுப்பும். காற்று வீசினால் மேலுள்ள சூடான காற்றும் கீழுள்ள குளிர்ந்த காற்றும் கலந்துவிடும். ஆகவே, மழை பெய்து நிலம் ஈரமாயிருக்க, சூரியன் மறையும் வேளையில் ஆகாயம் களங்கமற்றிருந்து, வடகிழக்குக் காற்று அடங்கி, அடுப்புப் புகை மேலே எழாமல் பள்ளத்தில் கிடையாகப் படர்ந்து நிற்குமாயின், அன்றிரவு பனி உண்டு என்று தைரியமாகச் சொல்லலாம். குளிர்ந்த காற்று கனமுள்ளதாதலால், தண்ணீரைப்போல் சரிவில் இறங்கித் தாழ்ந்த இடத்தில் தேங்கும். பள்ளத்து நெல் வயலில் பனி முதலில் தோன்றி மேட்டுக் கொல்லையில் சில நாள் கழித்துத் தோன்றுவது இதனாலேயே. களம் அமைக்க மேடே சிறந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இரண்டு வெப்பமானிகளைக் கொண்டு இன்னும் திட்டமாகக் கணிக்கலாம். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, இரண்டையும் மாலையில் நிழலில் விசிறிப் பார்க்க வேண்டும். உலர்ந்தது 22 டிகிரியும் ஈரமானது 16 டிகிரியும் காட்டினால், காற்று ஏறத்தாழ 12 டிகிரிக்குக் குளிரும்போது அதன் ஈரம் நீராகத் தொடங்கும். தெளிந்த, அசைவற்ற இரவில் குளிர் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியே நிற்கும். நீர் படியும்போது சிறிது உஷ்ணம் வெளிப்பட்டு, மேலும் குளிராமல் தடுப்பதே அதற்குக் காரணம்.

இனி இரண்டாவது விஷயத்திற்கு வருவோம். முதற்பனி எதற்குச் சாக்ஷி? நேற்றிரவு வானம் தெளிந்திருந்தது, காற்று அடங்கியிருந்தது என்பதற்கே அது சாக்ஷி. இன்றைக்கும், பெரும்பாலும் நாளைக்கும், வெயில் காயும் என்று அதைக்கொண்டு நம்பலாம். வங்காளக் கடலில் இன்னும் ஐந்து நாள் கழித்து உண்டாகக்கூடிய காற்றழுத்தத் தாழ்வைப் பற்றிப் புல்லின் மேலுள்ள நீர்த்துளிக்கு ஒன்றும் தெரியாது.

கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை என்பது நம் பழமொழி. பல வருஷங்களுக்கு அது பொருந்தும். எல்லா வருஷங்களுக்கும் பொருந்தாது. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி, மார்கழி நடுவில், தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பெய்த மழையில் காவிரி டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் சாய்ந்து முளைத்தது. இவற்றைவிட நமக்கு அண்மையில் நடந்தது ஒன்று உண்டு. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறி, விரைந்து செல்லாமல் மெதுவாக மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண்ணும் பாறையும் வீட்டின்மேல் விழுந்து ஏழு பேர் மாண்டனர். நம் மலைக்கு மேற்கேயுள்ள ஊத்தங்கரையில் டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. கடலிலிருந்து தூரத்தில் இருக்கிறோம் என்பது நமக்குப் பாதுகாப்பாகாது.

ஆகையால் பனியைப் பார்ப்பதோடு, பனி வராத விடியலையும் கவனிக்க வேண்டும். நான்கு நாள் தொடர்ந்து பனி படிந்து, ஐந்தாம் நாள் புல் உலர்ந்திருந்து, இரவும் முன்னைவிட வெதுவெதுப்பாயிருந்தால், மேகமோ காற்றோ வந்துவிட்டது என்று அர்த்தம். கிழக்கே மெல்லிய உயர்ந்த மேகம் பரவுதல், சந்திரனைச் சுற்றி வட்டம் காணுதல், அடங்கியிருந்த காற்று இரவிலும் வீசுதல் ஆகியவை இதனோடு சேர்ந்தால், களத்திலுள்ளதை வீட்டிற்குக் கொண்டுவருவதே புத்தி.

ஒரு வாரத்து நிலையை அறியச் சர்க்கார் வானிலை இலாகாவின் அறிக்கையைத்தான் நாட வேண்டும். 1875-இல் ஏற்பட்ட அவ்விலாகா, 1945 முதல் ரேடியோ வழியாக விவசாயிகளுக்கென்று அறிக்கை வழங்கத் தொடங்கியது. 2024 அக்டோபர் முதல் கிராமப் பஞ்சாயத்து அளவிலும் ஐந்து நாள் முன்னறிவிப்புத் தரும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு என்று பொருள். ஆயினும் சென்னையிலிருந்து வரும் அறிக்கை ஒரு பள்ளத்தில் இன்றிரவு பனி இறங்குமா என்பதைச் சொல்லாது. அதனை நாமே பார்த்தறிய வேண்டும். வாரத்திற்கு அறிக்கை, இரவிற்கு நம் கண் என்று இரண்டையும் சேர்த்துக் கொள்வதே முறை.

இதில் தனி மனிதரைவிடச் சங்கம் அதிகம் செய்யக்கூடும். சங்கக் கட்டடத்தின் வாயிலில் ஒரு கரும்பலகை வைத்து, ஐப்பசி முதல் மாசி வரை தினந்தோறும் காலையில் வானிலை அறிக்கையை எழுதலாம். ஒரு மழைமானியும் இரண்டு வெப்பமானிகளும் வாங்கி, மழை, குளிர், பனி படிந்ததா இல்லையா என்பவற்றை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் குறித்துவரலாம். பத்து வருஷக் குறிப்பு சேர்ந்தால், முதற்பனிக்குப் பின் மழை எத்தனை முறை திரும்பியது என்பதை நம் பிள்ளைகள் ஊகத்தால் அன்றிக் கணக்கால் சொல்வார்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, சங்கத்தின் பேரில் தார்ப்பாய்கள் வாங்கி வைத்துக் குறைந்த வாடகைக்குக் கொடுக்கலாம். ஒருவர் தனியே வாங்கத் தயங்கும் பொருளைப் பலர் சேர்ந்து வாங்குவதற்குத்தானே சங்கம் ஏற்பட்டது?

களத்தில் செய்ய வேண்டியதும் சிறிது உண்டு. சூரியன் மறையுமுன் தானியத்தைக் குவித்து மூடிவிட வேண்டும். மறுநாள் பனி நன்றாக உலர்ந்த பின்னரே திறந்து பரப்ப வேண்டும். பனியில் நனைந்த தாளை அப்படியே போர் போட்டால் உள்ளே புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். தானியத்தில் ஈரம் 100-க்கு 12 பங்குக்கு மேற்படாமல் காய்ந்த பிறகே குதிரில் கொட்ட வேண்டும். விதைக்கென்று எடுத்து வைப்பதில் இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும். தின்னும் சாமை கெட்டால் ஒரு வருஷ நஷ்டம். விதைச் சாமை கெட்டால் அடுத்த வருஷத்தையும் அது தொடரும்.

பெரியோர் பனியைப் பார்த்துக் காலம் கணித்ததை நான் குறை கூறவில்லை. அவர்கள் கையில் இருந்த சாதனம் அது ஒன்றே. அவர்கள் கூர்ந்து பார்த்ததை நாம் எழுதி வைப்போம். அவர்களுக்குக் கிடைக்காத அறிக்கையைத் தினமும் படிப்போம். இவ்வருஷத்து முதற்பனி எந்தத் தேதியில், எந்த ஊரில் தோன்றியது என்பதே சங்கத்தின் நோட்டுப் புஸ்தகத்தில் முதல் வரியாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு என் சொற்பொழிவை முடிக்கிறேன்.