வாட்டுவது அட்வான்ஸே!

(தலைப்பு: சென்னையில் வாடகை வீடு தேடுவோரைப் பெரிதும் வாட்டுவது மாத வாடகையா? அட்வான்ஸா?)



ஐயா, வீட்டிலே பார்க்கிறவங்க டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வச்சுக்குங்க. நான் வீட்டுக்காரரைப் பத்திப் பேசப் போறேன். மாடியிலே கேட்டுடப் போகுது. (சிரிப்பு)

எதிரணிப் பேராசிரியர் அழகாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். சம்பளத்தில் பெரும்பங்கு வாடகைக்கே போய்விடுகிறதாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், ஒண்ணாம் தேதி சம்பளம் வருது, அஞ்சாம் தேதி வாடகை போகுது. வந்தது, போகுது. அட்வான்ஸ் எதிலேருந்து போகும்? சம்பளத்திலேருந்து இல்லீங்க ஐயா, என் கழுத்திலேருந்து! (கைதட்டல்)

நானும் ஒரு கணக்குப் போடறேன். 12,000 ரூபாய் வாடகை, நமக்குக் கட்டுப்படியாகும்னு நினைச்சு, 'டு லெட்' போர்டைப் பார்த்து உள்ளே போறோம். சென்னையிலே பத்து மாச அட்வான்ஸ் என்பது ரொம்ப காலத்துப் பழக்கம். ஆறு மாசத்துக்கு இறங்கி வந்தவங்களும் உண்டு, அவங்க நல்லா இருக்கட்டும். பத்து மாசம்னா 1,20,000. புரோக்கருக்கு ஒரு மாச வாடகை 12,000. முதல் மாச வாடகை 12,000. ஆக 1,44,000 ரூபாய் எடுத்து வச்சாத்தான் சாவி. வண்டிக்கூலியும் பால் காய்ச்சற பாலும் தனி.

அந்தப் பணத்துக்கு நகை அடகுக்குப் போகுது. நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி என்றாலும் 1,20,000-க்கு வருஷத்துக்கு 14,400. மாசம் 1,200. அப்போ வீட்டு வாடகை 12,000 இல்லை, 13,200. இந்த 1,200 எந்த ரசீதிலும் வராது. பேராசிரியர் கணக்கிலேயும் வரலை!

எங்க தெருவிலே ஒரு அம்மா. கல்யாணத்துக்குக் கவரிங் போட்டுக்கிட்டுப் போறாங்க. கேட்டா, "தங்கம் போட்டா திருட்டு பயம்"னு சொல்வாங்க. மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும், கையிலே இல்லை. ஆனா அவங்களுடைய பணம் ஒரு லட்சத்துக்கு மேலே பக்கத்திலேயே, கீழ் வீட்டிலேயே இருக்கு. எடுக்க முடியாது. எடுக்கணும்னா வீட்டைக் காலி பண்ணணும்.

சரி, காலி பண்ணலாம். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட, பழைய வீட்டு அட்வான்ஸ் வரணும். பழைய வீட்டுக்காரர் சொல்றார், "புதுசா குடிவர்றவங்க கொடுத்ததும் தந்துடறேம்மா." அந்தப் புதுசா வர்றவர் எங்கே? அவர் தன்னோட பழைய வீட்டு அட்வான்ஸுக்காக மாம்பலத்திலே காத்துக்கிட்டிருக்கார்! (பலத்த சிரிப்பு) வீட்டுக்காரரை நான் வில்லன் ஆக்க மாட்டேன் ஐயா. பி.எஃப். பணத்தையும் பேங்க் கடனையும் போட்டு மாடி கட்டின ரிடையர்டு மனுஷர். நம்ம அட்வான்ஸ் அந்தக் கடனுக்குப் போயிடுச்சு. அவரிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1960-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் தமிழ்நாட்டில் புதுச் சட்டம் இயற்றினார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறை. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம், வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் முன்பணத்துக்கு முன்னாலே ஒரு சின்ன வார்த்தை: 'வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்.' அந்த வாசல் வழியா பத்து மாச அட்வான்ஸ் யானை மாதிரி ஆடி அசைஞ்சு உள்ளே வந்துடுது. வீடு கிடைச்சாப் போதும்னு நிக்கிறவன், நீட்டின பத்திரத்திலே கையெழுத்துப் போடாம என்ன பண்ணுவான்?

இன்னொன்று. எதிரணி அம்மையார், தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார்கள் என்று வருத்தப்பட்டார். நியாயமான வருத்தம். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம்னு அரசாங்கம் 2016-இலேயே சொல்லிடுச்சு. அப்புறம் ஏன் வாயைத் திறக்காமல் பத்துப் பத்தாக் கொடுத்தோம்? லாரித் தண்ணிக்குத் தனியா, சுவத்திலே ஆணி அடிச்சதுக்குத் தனியா, காலி பண்ணும்போது பெயிண்டுக்கு ஒரு மாச வாடகை பிடிச்சாலும் தலையை ஆட்டறோமே, ஏன்? நம்ம 1,20,000 அவர் கையிலே இருக்கு ஐயா! மாட்டுக்கு மூக்கணாங்கயிறு எதுக்கோ, குடியிருப்பவனுக்கு அட்வான்ஸும் அதுக்குத்தான். (கைதட்டல்)

வாடகை குறைவா இருக்கிற ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, ஆவடி பக்கம் போகலாமேன்னு யோசனை சொன்னாங்க. போகலாம். மின்சார ரயிலுக்கு சீசன் டிக்கெட் வாங்கிடலாம். அங்கேயும் அட்வான்ஸ் எண்ணி வச்சாத்தானே சாவி?

நடுவர் ஐயா மணியிலே கை வச்சிட்டார். எதிரணியிலே அடுத்துப் பேச வர்றவரை ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு உட்கார்றேன். வாடகை அதிகம், வேற வீடு பார்ப்போம்னு நாளைக்கு நீங்க கிளம்பினா, முதல்லே எண்ணி வைக்கச் சொல்லப் போறது எதை? அதைச் சொல்லிட்டு உங்க பேச்சை ஆரம்பிங்க. (கைதட்டல்)