இடுப்பளவும் இரத்த அழுத்தமும்



உயர் இரத்த அழுத்தம் உண்டு கொழுத்தோர்க்கே உரியது என்று நம் சேரிகளில் இன்றும் கருதுகிறோம். கைகால் மெலிந்திருக்க, வயிற்றில் மட்டும் கொழுப்புத் திரள்வது நம் நாட்டவரிடம் மிகுதி. அக்கொழுப்பு சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றுகிறது. தராசு காட்டாத இவ்வாபத்தைத் தையற்காரரின் நாடா காட்டிவிடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளிவிட்டு அளத்தல் வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளந்து பயனில்லை! ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் அழுத்தத்தையும் பார்த்துவிட வேண்டும். 140/90க்குக் குறையாமல் மீண்டும் மீண்டும் காணின் அது நோயே. தலை சுற்றட்டும் என்று காத்திருத்தல் ஆகாது; பெரும்பாலோர்க்கு அறிகுறியே தோன்றுவதில்லை.

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டிற்கே கொணர்ந்தது. ஒருநாட் கூலியை இழந்து வரிசையில் நின்ற நம் தாய்மார்க்கு இது சிற்றுதவியன்று. ஆயினும் நோய் கண்டறியப்பட்டவர்க்கே மாத்திரை. ஆகவே இளைஞர்களே, நாடாவோடு வீடுதோறும் செல்வோம். முதலில் நம் அன்னையரை அளப்போம்.