பேதிக்குப் பெட்டிப் பானமா?



உங்களில் பலர் பனியன் கம்பெனியில் தினமும் லேபிள் தைக்கிறவர்கள். லேபிள் பளிச்சென்று இருந்தால் துணியும் நயம் என்று யாராவது ஒத்துக்கொள்வீர்களா? ஆனால் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக் கடைக்குப் போனதும், அட்டைப் பெட்டியின் முகப்பில் ‘சத்து’, ‘வளர்ச்சி’ என்று போட்டிருந்தால் நம்பி வாங்கி விடுகிறோம்.

‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே நம் நாட்டு உணவுச் சட்டத்தில் கிடையாது. அந்தப் பெயரில் பானங்களை விற்க வேண்டாமென்று 2024 ஏப்ரலில் இணைய வியாபாரிகளுக்கு மத்திய அரசே சொல்லியது. அது கூடப் பரவாயில்லை, காசுதான் நஷ்டம். உயிருக்கே ஆபத்தாகிற சங்கதி வேறொன்று உண்டு.

குழந்தைக்குப் பேதி என்றால் ஓ.ஆர்.எஸ். கொடுக்க வேண்டும் என்று நாங்கள் வீடு வீடாகச் சொல்லி வந்தோம். அந்த மூன்றெழுத்தையே பெயரில் ஒட்டிக்கொண்டு, பழ வாசனையோடு இனிப்புப் பானங்கள் மருந்துக்கடை வரைக்கும் வந்துவிட்டன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல வருஷம் போராடினார். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், சரியான அளவில் செய்யாத பானங்களில் அந்தப் பெயர் இருக்கக் கூடாதென்று உத்தரவிட்டது. பெயர் போனாலும், அதே சர்க்கரைத் தண்ணீர் வேறு பெயரில் வரலாம் அல்லவா?

அளவைப் பாருங்கள். உண்மையான ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6 கிராம். இந்த அளவில்தான் உப்பும் சர்க்கரையும் சேர்ந்து தண்ணீரைக் குடலிலிருந்து உடம்புக்குள் இழுக்கும். சர்க்கரை மிஞ்சினால் உடம்புத் தண்ணீரே குடலுக்குள் இறங்கி, பேதி இன்னும் அதிகமாகும். பெட்டியின் பின்பக்கம், பொடி எழுத்தில், 100 மில்லிக்குச் சர்க்கரை 10 கிராம் என்றிருந்தால், 200 மில்லி பெட்டியில் 20 கிராம். அதாவது நான்கு தேக்கரண்டி! அதே 200 மில்லி ஓ.ஆர்.எஸ்.ஸில் மூன்று கிராம்கூட இல்லை. பொருட்கள் பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அதுவே அதிகம். அதையும் படியுங்கள், கண் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுசாகக் கொட்டிக் கலக்குங்கள். இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டால் பிள்ளை குடிக்குமே என்று பாட்டி சொல்வார், போடாதீர்கள். கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி கொடுங்கள். 24 மணி நேரம் கழித்து மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. செவிலியர் கொடுக்கும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் தகப்பனாரும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளணும். குழந்தை கண் குழிந்து, துவண்டு, குடிக்க மாட்டாமல் கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.