முதல் கீரை நம்ம தட்டுக்கு



காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு, ஒரு கட்டுக் கீரைக்குக் காசை எண்ணுகிறோம். பாத்திரம் கழுவுகிற தண்ணீரோ கொல்லையில் தேங்கிக் கொசு வளர்க்கிறது. ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினால் அதிலேயே வாழை வளரும்.

ஆடிப்பெருக்குக்கு முளைப்பாரி வளர்க்கிற நமக்குக் கீரை வளர்க்கவா தெரியாது? பழைய அரிசிச் சாக்கின் அடியில் நாலு துளை போடுங்க. மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கின சாண எரு 1 பங்கு கலந்து நிரப்புங்க. விதையை மணலோடு கலந்து தூவுங்க. சிறுகீரையை 25 நாளில் பறிக்கலாம். அரைக்கீரை வெட்ட வெட்டத் தழைக்கும். வேலியோரம் ஒரு முருங்கைப் போத்து ஊன்றுங்க. வாய்க்கால் வெட்ட வீட்டுக்காரர், தண்ணீர் ஊற்றப் பிள்ளைகள் என்று வேலையைப் பகிருங்க.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருக்கிறது. எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்தால் நம்ம உடம்பில் என்ன சேரும்? கீரையோடு எலுமிச்சை சேர்த்துக்குங்க. சாப்பிட்டவுடன் டீ வேண்டாம். அடிக்கடி மயக்கம், மூச்சு வாங்கல் இருந்தால் கீரை மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பரிசோதிக்கணும்.

அடுத்த கூட்டத்தில் "என்ன விதைச்சீங்க?" என்று கேட்போம். "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றும் கேட்போம்.