சிவப்பு ஆயில் பழுப்பானால்

வடை சுட்ட எண்ணெயைப் பார்த்திருப்பீர்கள். முதல்நாள் பொன்னிறம். திரும்பத் திரும்பக் காய்ந்தால் கறுத்து, வாடை மாறிவிடும். ஆட்டோமேட்டிக் கியர் வைத்த பிக்அப் வண்டியின் கியர் ஆயிலும் அப்படித்தான்.

அந்த ஆயில் வழுவழுப்புக்கு மட்டுமல்ல. கியரை மாற்றும் அழுத்தத்தைத் தருவது அது. சூட்டைத் தணிப்பதும் அதுதான். புதிதில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். பழுப்பாகி, தீய்ந்த வாடை அடித்தால் உடனே கவனியுங்கள்.

எப்போது மாற்றுவது? வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். பாரம் இழுப்பவர்களுக்கும் மலை ஏறுபவர்களுக்கும் அதில் தனிக்கணக்கு உண்டு. சில வண்டிகளுக்கு 50,000 கிலோமீட்டரிலேயே மாற்றும் வேளை வந்துவிடும். பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

கழற்றக்கூடிய ஃபில்டர் என்றால் அதையும் கூடவே மாற்றுங்கள். தேய்ந்த உலோகத் துகள் அதில் தங்கும். ஆயிலும், கையேட்டில் சொன்ன அதே வகைதானா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.