மருந்துப் பெட்டியின்மேல் ஒரு மொழி

(சொற்பொழிவின் எழுத்துருவம்)



நிலத்துக்காக நடக்கும் வழக்குண்டு. பொருளுக்காக நடக்கும் வழக்குண்டு. மானத்துக்காக நடக்கும் வழக்கும் உண்டு. கால்நடை மருந்துப் பெட்டியின்மேல் ஒட்டிய தாளில் தம் தாய்மொழி இல்லை என்பதற்காக ஒருவர் தம் நாட்டரசின்மேல் வழக்குத் தொடுத்தார். அவ் வழக்கு கடல் கடந்து இலக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் முறைமன்றம் வரை சென்றது. ஆங்கு அவர் கூற்றே வென்றது என்றால், கேட்போருள் சிலர் நகைக்கவுங் கூடும். நகைக்குமுன் அவ் வழக்கை முழுமையாகக் கேட்டல் நன்று.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் கால்வே என்றொரு பகுதி உண்டு. அந் நாட்டின் பழைய மொழியாகிய ஐரிசு இன்றும் வீட்டு மொழியாக வழங்கும் சிற்றூர்கள் ஆங்கு உள்ளன. அவ்வூர்களுள் ஒன்றைச் சேர்ந்தவர் அவர். ஐரிசு அவர்க்குத் தாய்மொழி, ஆங்கிலமும் அறிவார். இதனை மறைக்காமல் சொல்லியே ஆகவேண்டும். மருந்துத் தாளில் இருந்த ஆங்கிலம் விளங்காமையால் அவர் வழக்குத் தொடுக்கவில்லை. விளங்கிய பின்னும் தொடுத்தார். வழக்கின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

2001-இல் ஐரோப்பிய ஒன்றியம் கால்நடை மருந்துகள் பற்றி ஒரு நெறியாணை பிறப்பித்திருந்தது. நெறியாணை என்பது, இன்ன பயன் விளைய வேண்டும் என ஒன்றியம் வரையறுத்து, அதற்குரிய சட்டத்தை உறுப்பு நாடுகள் தாமே இயற்றிக்கொள்ளுமாறு விடும் ஆணை. மருந்தின் உறையிலும் உள்வைக்கும் தாளிலும் உள்ள செய்திகள், அம் மருந்து விற்கப்படும் நாட்டின் மொழியில், அல்லது மொழிகளில், இருத்தல் வேண்டும் என்று அந் நெறியாணை கூறிற்று. அயர்லாந்தின் அரசியலமைப்புச் சட்டம் 1937-இல் இயன்றது. அதன் 8-ஆம் பிரிவின்படி ஐரிசு நாட்டுமொழி. ஆகலின் முதல் ஆட்சிமொழி. ஆங்கிலம் இரண்டாம் ஆட்சிமொழி. எனவே இரண்டும் உறையில் இருத்தல் வேண்டும். ஆனால் அயர்லாந்து அரசு தன் சட்டத்தை எழுதியபோது, ஐரிசு அல்லது ஆங்கிலம் என்று எழுதிக்கொண்டது.

உம்மை நிற்க வேண்டிய இடத்தில் ‘அல்லது’ என்னும் ஒரு சொல்! அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லின் இடுக்கு வழியாக ஐரிசு மொழி பெட்டியினின்று வெளியேறியது. ‘அல்லது’ எனும் சொல்லை வணிகர் கையில் கொடுத்தால் அவர் எந்த மொழியை விடுவார் என்பதற்கு அறிவாளர் குழு அமைத்து ஆராய வேண்டுவதில்லை.

2016-இல் அவர் தம் நாட்டு உயர் முறைமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2019-இல் அம் மன்றம், அவர் சொல்வது மெய்யே, அரசின் சட்டம் நெறியாணைக்கு ஒவ்வாது என்று கண்டது. சிக்கல் அதன் பின்னர்த்தான் தோன்றியது. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே ஐரோப்பிய ஒன்றியம் புதியதொரு சட்டத்தை இயற்றி முடித்திருந்தது. 2022 சனவரி 28 முதல் அது நடைமுறைக்கு வரும். வந்தபின், உறையில் ஆட்சிமொழிகளுள் ஒன்று மட்டும் இருக்குமாறு ஒரு நாடு முடிவு செய்துகொள்ள இடம் உண்டு. ஆக, வழக்கில் வென்றாலும் அவ் வெற்றியின் வாழ்நாள் சில ஆண்டுகளே. இதற்கிடையில் இரு மொழிகளிலும் அச்சிட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், மருந்து செய்வோரும் வழங்குவோரும் அயர்லாந்தின் சிறு சந்தையை விட்டே விலகக் கூடும். விலங்குகளின் நலம் கெடும். மக்கட்கும் இழப்பு நேரும். வழக்காளர்க்கோ கிடைக்கும் பயன் சிறிது. இவ்வளவையும் எண்ணிப் பார்த்து, உரிமை உண்டு, ஆயினும் ஆணை பிறப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட அம் மன்றத்திற்கு உரிமை உண்டா?

அயர்லாந்து நாட்டுச் சட்டம், ஆங்கிலச் சட்ட மரபின் வழியது. அம் மரபில், அரசின் செயல் தவறு என்று கண்ட பின்னும் அதற்குரிய தீர்வை வழங்குவதும் வழங்காமல் விடுவதும் நடுவரின் விருப்புரிமை எனக் கொள்ளும் வழக்கம் உண்டு. எனவே உயர் முறைமன்றம் தானே முடிவு கட்டாமல், ஐரோப்பிய முறைமன்றத்தை உசாவிற்று. அவ் வினாவை ஐரிசு மொழியிலேயே எழுதியனுப்பிற்று.

2021 மார்ச்சு 17-இல் விடை வந்தது. நாட்டுச் சட்டம் நெறியாணைக்கு முரண் என்று கண்டபின், அதனைச் சரிசெய்யும் ஆணையை மறுக்க நாட்டு முறைமன்றத்திற்கு உரிமை இல்லை. விரைவில் சட்டம் மாறப் போகிறது என்பது கரணியம் ஆகாது. மாறும் நாள்வரை பழைய கடமை முழுக் கடமையே. வழக்காளர்க்குப் பயன் சிறிது என்பதும் கரணியம் ஆகாது. ஒன்றியச் சட்டத்தின் ஆற்றலைச் சிறிது காலத்துக்கேனும் நிறுத்தி வைக்கத் தகும் நிலை உண்டாயின், அதனை முடிவு செய்ய வேண்டுவது இலக்சம்பர்க்கு மன்றமே அன்றி, நாட்டு மன்றங்கள் அல்ல. இதுவே தீர்ப்பின் சாறு.

இத் தீர்ப்பை மொழிப் பற்றின் வெற்றி என்று கொண்டாடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அந் நடுவர்கள் ஐரிசு மொழியின் பழமையையோ அதன் இலக்கியச் சிறப்பையோ எடைபோட்டுப் பார்க்கவில்லை. நெறியாணையில் என்ன எழுதப்பட்டிருந்தது, அது நிறைவேற்றப்பட்டதா என்பவற்றையே பார்த்தார்கள். எழுத்தில் இருந்தது, எனவே கிடைத்தது. எழுத்தில் இல்லாதிருந்தால், அவர் அம் மொழியில் கதறியழுதிருந்தாலும் கிடைத்திராது. அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டா. அயர்லாந்தினின்று ஒரு கடற்காலைத் தாண்டினால் போதும்.

வேல்சு நாடு இங்கிலாந்தோடு பிணைக்கப்பட்டது எட்டாம் என்றி மன்னன் காலத்தில். 1536-ஆம் ஆண்டுச் சட்டம், வேல்சின் முறைமன்றங்கள் ஆங்கிலத்திலேயே நடைபெற வேண்டும், வேல்சு மொழியைப் பயன்படுத்துவோர் அரசு அலுவல் எதனையும் ஏற்கலாகாது என்று விதித்தது. இதில் ஒரு கொடுமை உண்டு. இதே ஆங்கிலேயர், தம் நாட்டு மன்றங்களில் பிரஞ்சு மொழி கோலோச்சியபோது பட்ட பாட்டை அறிந்தவர்கள். மன்றத்தில் தமக்கு ஆகவும் எதிராகவும் பேசப்படுவது இன்னதென மக்கட்கு விளங்கவில்லை என்று கூறி, 1362-இல் வழக்காடுமொழி ஆங்கிலமாக வேண்டும் எனச் சட்டம் செய்தார்கள். (அச் சட்டமே பிரஞ்சில்தான் எழுதப்பட்டது! அடிமைப் பழக்கம் எளிதில் போவதில்லை.) ஆவணங்களில் இலத்தீன் மட்டும் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனையும் நீக்கும் சட்டம் 1731-இல் இயற்றப்பெற்று 1733-இல் நடைமுறைக்கு வந்தது. மக்களுக்கு விளங்கும் மொழியில் முறை வழங்க வேண்டும் என்னும் அச் சட்டத்தை அடுத்து வேல்சுக்கும் நீட்டினார்கள். வேல்சு மக்களுள் பெரும்பாலோர்க்கு ஆங்கிலம் விளங்காத காலம் அது. மருந்தின் பெயர் ஒன்றுதான். ஒருவர்க்கு நோய் தீர்ந்தது, மற்றவர்க்கு வந்து சேர்ந்தது.

பல இலக்கம் வேல்சு மக்கள் கையொப்பமிட்டு முறையிட்டதன் பயனாக 1942-இல் ஒரு சட்டம் வந்தது. அஃதும் அரைக்கதவு திறந்த சட்டம். வேல்சு மொழியே இயல்பான மொழியாக இருத்தலால் ஆங்கிலத்தில் பேச இடர்ப்படுவோர் மட்டும் தம் மொழியில் பேசலாம் என்றது. இரண்டும் அறிந்தவர்க்கு இடமில்லை. மெர்த்தர் தித்துவில் என்னும் ஊரில் எழுந்த வழக்கொன்று 1967-இல் இலண்டன் மன்றத்தின் முன் வந்தபோது, வேல்சிலும் மன்றமொழி ஆங்கிலமே என்று தீர்ப்பாயிற்று. மொழி இடர்ப்பாடு எழுந்தால், இலண்டன் குற்ற மன்றத்தில் போலந்து நாட்டான் ஒருவன் நிற்கும்போது மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவது போலவே வேல்சிலும் செய்து கொள்ளலாம் என்றார் நடுவர் ஒருவர். தன் மண்ணில், தன் முன்னோர் நடந்த தெருவில் கட்டப்பட்ட மன்றத்தில், ஒருவன் வேற்று நாட்டானுக்கு நிகராக வைத்து எண்ணப்பட்டான். அதே ஆண்டில், விரும்புவோர் எவரும் வேல்சு மொழியில் பேசலாம் என்னும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று.

இன்று வழங்குவது 1993-ஆம் ஆண்டுச் சட்டம். வேல்சில் நடைபெறும் எவ்வகை வழக்கிலும், வழக்காளரோ சான்றாளரோ பிறரோ, விரும்பினால் வேல்சு மொழியில் பேசலாம் என்பது அதன் 22-ஆம் பிரிவு. இங்கே ‘வேல்சில் நடைபெறும்’ என்னுந் தொடரைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். வேல்சுக்காரர் ஒருவர் தம் வேலை பற்றிய முறையீட்டைத் தொழில் தீர்ப்பாயத்தில் வைத்தார். அதன் மேல்முறையீடு இலண்டனில் உசாவப்பட்டது. ஆங்கும் தம் மொழியில் பேச வேண்டும் என்றார். மறுத்தார்கள். 1999-இல் மேல்முறையீட்டு மன்றமும் அம் மறுப்பை நிலைநிறுத்தியது. வழக்கு வேல்சில் பிறந்தது, வழக்காளர் வேல்சுக்காரர், ஆனால் மன்றம் கூடிய கட்டடம் இலண்டனில் இருந்தது. சட்டத்தின் சொல் வேல்சின் எல்லையோடு நின்றுவிட்டமையால் உரிமையும் அவ் வெல்லையோடு நின்றுவிட்டது. மருந்துப் பெட்டிக்குக் கிடைத்தது, பிழைப்புக்காக வழக்காடியவர்க்குக் கிடைக்கவில்லை.

சட்டத்தில் எழுதி வைத்திருந்தால் மட்டும் எல்லாம் வந்துவிடுமா என்று வினவலாம். வினவத்தான் வேண்டும். முதல் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த அயர்லாந்தில், குற்றஞ் சாட்டப்பட்ட ஐரிசு மொழியாளர் ஒருவர், தம் வழக்கை முடிவு செய்யும் பன்னிருவர் குழு மொழிபெயர்ப்பாளர் துணையின்றி ஐரிசு விளங்கக் கூடியவர்களாக இருக்க வேண்டும் என்று கேட்டார். 2014-இல் அந் நாட்டு உச்ச முறைமன்றம் மறுத்துவிட்டது. பன்னிருவரும் பொதுமக்கள் எல்லாரிலுமிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்பட வேண்டியவர்கள். ஐரிசு அறிந்தவரை மட்டும் பொறுக்கினால் பெரும்பான்மையோர் விலக்கப்படுவர் என்பது அம் மன்றம் காட்டிய கரணியம். ஆர்டிமன் என்னும் நடுவர் மட்டும் மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். பெரும்பான்மைத் தீர்ப்பின் கரணியத்தைத் திருப்பிப் பார்த்தால் வேறொன்று தெரியும். பள்ளியில் ஐரிசு கற்பிக்கப்பட்டும் அது பெரும்பான்மையோர் வாயில் நிற்கவில்லை. மக்கள் பேசாது விட்ட மொழியை அரசியலமைப்புப் பிரிவு ஒன்று மட்டும் தூக்கி நிறுத்த இயலாமற் போயிற்று.

அதனால்தான் 1989-இல் இலக்சம்பர்க்கு மன்றம் அளித்த மற்றொரு தீர்ப்பு மதிக்கத் தக்கது. நெதர்லாந்து நாட்டு ஓவிய ஆசிரியை ஒருவர் தபுலின் கல்லூரி ஒன்றில் பகுதிநேரம் கற்பித்து வந்தார். நிலையான பணிக்கு ஐரிசு மொழித் தேர்வில் வெற்றி கட்டாயம் என்றது அரசு. அவர் தேறவில்லை. ஓவியம் ஆங்கிலத்தில்தானே கற்பிக்கப்படுகிறது, ஐரிசு எதற்கு என்பது அவர் வழக்கு. வேற்று நாட்டுத் தொழிலாளர்க்கு இடையூறு செய்யலாகாது என்பது ஒன்றியத்தின் அடிப்படைச் சட்டம் என்றாலும், ஒரு நாடு தன் மொழியைக் காத்து வளர்க்கும் கொள்கையை மேற்கொள்ளத் தடையில்லை. அக் கொள்கையில் ஆசிரியர்க்குப் பெரும் பங்கு உண்டு. கேட்கப்படும் மொழியறிவு அளவு கடவாமலும் வேற்றுமை பாராட்டாமலும் இருத்தல் மட்டும் வேண்டும் என்று மன்றம் கூறியது. வகுப்பறையில் அம் மொழி தேவையா என்னும் குறுகிய கேள்வியோடு நில்லாமல், அம் மொழி நாட்டில் வாழ வேண்டுமா என்பதையும் அத் தீர்ப்பு எண்ணிப் பார்த்தது.

ஆங்கிலச் சட்ட மரபின் நிழல் இங்கும் விழுந்தே கிடக்கிறது. இந்திய அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு உயர் முறைமன்றங்களின் மொழி ஆங்கிலம் என்கிறது. குடியரசுத் தலைவரின் இசைவோடு மாநில மொழியைப் புகுத்த அப் பிரிவே வழி வைத்திருந்தும், சென்னை மன்றத்தில் தமிழ் வேண்டும் என 2006-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் செய்த தீர்மானம் 2012-இல் உச்ச முறைமன்ற நடுவர்களால் ஏற்கப்படாமற் போனது. ‘இசைவோடு’ என்னும் அச் சொல்லையும் ‘அல்லது’, ‘வேல்சில்’ என்பவற்றோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

மீண்டும் அம் மருந்துப் பெட்டிக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஐரிசு ஆட்சிமொழி ஆனது 2007-இல். ஆயினும் மொழிபெயர்ப்பாளர் போதவில்லை என்று கூறி, எல்லா ஆவணங்களையும் அம் மொழியில் தர வேண்டுவதில்லை என ஒரு விலக்கு வைத்திருந்தார்கள். அவ் விலக்கு முற்றும் நீங்கி, ஐரிசு பிற மொழிகளோடு நிகராக நின்ற நாள் 2022 சனவரி 1. கால்நடை மருந்துகள் பற்றிய பழைய நெறியாணை காலாவதியாகி, அவர் வென்றெடுத்த ஆணைக்கு அடிநிலையாக இருந்த கடமை மறைந்த நாள் 2022 சனவரி 28. இரண்டிற்கும் இடையே இருபத்தேழு நாள்கள்.