நீர்ப் பாத்தியதையும் ஏரிக் காப்புச் சட்டமும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஏரியைக் காக்கச் சட்டம் செய்யுங்கால், அவ்வேரி நீரை முன்பே அநுபவித்து வந்தோருடைய பாத்தியதையை அச்சட்டம் என்ன செய்கிறது என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயமாகும்.

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரம் ஏரிப் பாசனத்தால் வளர்ந்த பூமி. அம்பத்தூர் ஏரியின் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கும் செல்லும். மேலூரார் கலங்கலை உயர்த்தினால் கீழூரார் பயிர் காயும். கீழூரார் கால்வாயை அடைத்தால் மேலூர் மூழ்கும். ஆகவே கலங்கலின் உயரமும், மதகு திறக்கும் முறையும் வழக்கத்தால் வரையறுக்கப்பட்டிருந்தன. வரத்துக்காலைத் தூர்வாரும் கடமைக்குக் குடிமராமத்து என்று பெயர். உரிமையும் கடமையும் அன்று பிரியாதிருந்தன.

சட்டம் செய்வோரும் இதை அறியாதவரல்லர். 1882-ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டம், நீரைத் தேக்கவும் பங்கிடவும் ஸர்க்காருக்குள்ள உரிமையையும், மக்களின் வழக்க உரிமைகளையும் தான் குறைக்கவில்லையென்று தன் இரண்டாம் பிரிவிலேயே கூறிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1964-இல் இயற்றிய வனாந்தரப் பாதுகாப்புச் சட்டமும், மாகாணங்களின் நீர்ச் சட்டங்களினின்று மத்திய ஸர்க்காருக்கு விலக்கு உண்டென்றோ இல்லையென்றோ தான் சாதிக்கவில்லை என்று ஷரத்து எழுதிக்கொண்டது. நம் அரசியலமைப்பில் நீர் மாநிலப் பட்டியலின் 17-ஆம் இனம். அதுவும் பல மாநில நதிகளைக் குறித்த மத்தியப் பட்டியலின் 56-ஆம் இனத்துக்குக் கட்டுப்பட்டது.

2017-ஆம் வருஷத்துச் சதுப்புநில விதிகள், ஒரு நீர்நிலையை அறிவிக்குமுன் அதில் ஏற்கெனவே உள்ள உரிமைகளைக் கணக்கெடுக்கச் சொல்கின்றன; அவற்றுள் நீர்நிலையின் நலத்துக்கு ஒத்தவை எவை, ஒவ்வாதவை எவை என்று பிரித்துக் காட்டவும் சொல்கின்றன. இது நேர்மையான முறை. ஆனால் பாசனத்துக்கும் குடிநீருக்குமென்றே மனிதர் அமைத்த ஏரிகள் அவ்விதிகளுக்குப் புறம்பானவை. நம் ஏரிகளோ பெரும்பாலும் அவ்வகையே. 2007-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற வழிசெய்தது. எனினும் எல்லைக்கல் ஏரியின் பரப்பைக் காட்டுமேயன்றி, யாருக்கு எவ்வளவு நீர் என்பதைச் சொல்லாது.

செம்பரம்பாக்கத்தைப் பாருங்கள். பழம் பாசன ஏரியாயிருந்த அது, இன்று 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் பட்டணத்துக் குடிநீர்த் தேக்கம். 1983 ஒப்பந்தத்தின்படி வரும் கிருஷ்ணா நீரும் பூண்டி வழியாய் அங்கே சேர்கிறது. பட்டணத்தின் தாகம் நியாயமானதே. ஆயினும் பழைய ஆயக்கட்டின் பங்கு எழுத்தில் இராவிடில், பிறர் தேவை பெருகப் பெருக அது மறதியில் கரையும்.

"நிலமெல்லாம் மனையாயிற்றே, இனி என்ன பாத்தியதை?" என்பார் உண்டு. கிணற்றின் ஊற்று ஏரியைச் சார்ந்ததன்றோ? மழைநீர் வடியும் வழி நம் வீட்டைக் காப்பதன்றோ? ஆனால் ஒன்று: நீர் எடுக்கும் பழைய உரிமை, கழிவுநீர் விடும் உரிமையாகாது. அத்தகையதை நாம் கோரவும் கூடாது.

ஆகையால் அங்கத்தினர் தத்தம் வீட்டிலுள்ள பழைய பத்திரங்களையும் பட்டாக்களையும் தேடியெடுங்கள். மதகு, கால்வாய், முறைப்பாடு ஆகியவை பற்றி முதியோர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். நம்மவர் பங்கை மட்டும் எழுதினால் அது வழக்காகும். மீன்பிடிப்போர், துணி வெளுப்போர், ஆடுமாடு மேய்ப்போர் முதலிய எல்லார் பங்கையும் எழுதினால் அதுவே ஊர்ச் சாசனமாகும். அச்சாசனத்தை மாவட்ட ஆட்சியரிடம் சேர்ப்பிப்போமாக. ஏரியைக் காக்கும் சட்டம் இனி எது வரினும், அதன் முதற்பக்கத்தில் ஏரியை நம்பி வாழ்ந்தோரும் இடம்பெறட்டும்.